தர்ம ஸ்தாபனமும் ஆலோசகரும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருந்தெருவிலே கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் கடந்து சென்றால் அலவத்துகொட என்னும் ஊர் எதிர்ப்படும். தெருவோரத்திலே கடைகள், அவற்றின் பின்னே மிளகுக் கொடி படர்ந்த தோட்டங்கள், அப்பால் மலைச்சரிவுகள். மூவின மக்களும் கலந்து வாழும் இவ்வூர்ப்புறத்திலே, ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு உதவும் சிறு சங்கம் ஒன்றின் காரியதரிசியாக நான் சில ஆண்டுகள் பணியாற்றியதுண்டு. அச்சங்கத்துக்கு உரியனவாக இருந்த பொருள்கள் மிகச் சில: ஒரு மேசை, சில நாற்காலிகள், ஓர் அலுமாரி. அவ்வலுமாரியின் மேற்றட்டிலே தடித்த அட்டையிட்ட நூலொன்று இன்றும் கிடக்கின்றது. உண்மையில் அது நூலன்று, அறிக்கை. பணங்கொடுத்து நாங்கள் அமர்த்திய ஆலோசகர் ஒருவர் எழுதித் தந்தது. அதனை முதற்பக்கந் தொடங்கி இறுதிப்பக்கம் வரை படித்தவர் எங்கள் சங்கத்தில் ஒருவருமில்லை.

அந்த அறிக்கை எனக்குக் கற்பித்த பாடத்தையே இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன். இது ஏதோ பெரிய ஸ்தாபனங்களுக்கு மட்டும் உரிய விடயம் என்று எண்ணற்க. இன்று நம்மவருள் ஏதேனும் ஒரு சங்கத்திலே சேராதார் அரியர். கோவில் பரிபாலன சபை, மரண சகாய சங்கம், வாசிகசாலை, பழைய மாணவர் சங்கம், மாதர் சங்கம் என எத்தனையோ அமைப்புக்கள் ஊர்தோறும் இயங்கி வருகின்றன. கணக்கைச் சீர்செய்யவும், கட்டடம் எழுப்பவும், நிதி திரட்டவும், ஆற்றிய பணியை மதிப்பிடவும் வெளியாரின் அறிவை நாடவேண்டிய வேளை இவற்றுக்கெல்லாம் என்றேனும் ஒருநாள் வரும். அவ்வேளையில் ஒருவரை எவ்வாறு தெரிந்தெடுப்பது, அவரோடு எவ்வாறு கூடிப் பணிபுரிவது என்பன தெரிந்திராவிடின், பிறர் நம்பிக்கையோடு தந்த பணம் வீணாகும்.

எங்கள் முதல் முயற்சி

எங்கள் சங்கத்துக்கு ஒரு கவலை இருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே பிள்ளைகள் பலர் பாடசாலையை விட்டு நின்றுவிடுகின்றனர். நாங்கள் ஆண்டுதோறும் உதவிப் பணம் வழங்கியும் அந்நிலை மாறவில்லை. காரணம் யாது? 'அறிந்தவர் ஒருவரைக் கேட்போம்' என்றார் தலைவர். நல்ல யோசனைதான். ஆனால் எதனைக் கேட்பது என்பதை நாங்கள் எழுதி வைக்கவில்லை. நண்பர் ஒருவரின் சிபாரிசின்பேரில், வேறு நகரத்திலிருந்து கனவான் ஒருவர் வந்தார். பட்டங்கள் பல பெற்றவர், இனிமையாகப் பேசுபவர். இரு நாட்கள் எங்களுடன் இருந்தார். செயற்குழுவினரோடு உரையாடினார், மதியபோசனம் அருந்தினார், படங்கள் பிடித்துக்கொண்டார். ஒரு பிள்ளையின் வீட்டுக்கேனும் அவர் செல்லவில்லை. செல்லவேண்டும் என்று நாங்களும் கேட்கவில்லை.

மூன்று மாதங்களின் பின் அறிக்கை வந்தது. முழுவதும் ஆங்கிலம். அட்டவணைகளும் வட்ட வரைபடங்களும் நிறைந்திருந்தன. சம்பளம் பெறும் முகாமையாளர் ஒருவரை நியமிக்குமாறும், வாகனம் ஒன்றை வாங்குமாறும், ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை வகுக்குமாறும் அது ஆலோசனை கூறிற்று. எங்கள் ஆண்டு வருமானமோ அந்த வாகனத்தின் சில்லுகளுக்கே போதாது!

அவ்வாண்டின் பொதுக்கூட்டத்திலே கணக்கு வாசிக்கப்பட்டபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த தாய் ஒருவர் எழுந்தார். கொழுந்து பறித்துத் தம் பிள்ளைகளைப் படிப்பிப்பவர். 'ஐயா, அந்தப் புத்தகத்துக்குக் குடுத்த காசு எத்தனை பிள்ளைகளுக்கு பஸ் காசு ஆகும்?' என்று கேட்டார். கோபமின்றியே கேட்டார். ஆயினும் அவ்வினாவுக்கு விடை கூற எனக்கு நா எழவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். விடையை இங்கே எழுத எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கின்றது.

குற்றம் முழுவதும் அக்கனவானுடையது என்று நான் சொல்லமாட்டேன். கேள்வி இன்னதென்று அறியாமல் விடைக்கு விலை கொடுத்தவர்கள் நாங்களே.

ஆலோசகர் மூவகையினர்

ஆலோசனை கூறுதலை ஒரு தொழிலாக மேனாட்டார் வளர்த்தெடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலாகும். ஆர்தர் டி. லிட்டில் என்னும் நிறுவனம் 1886 ஆம் ஆண்டிலும், மக்கின்சி என்னும் நிறுவனம் 1926 ஆம் ஆண்டிலும் அமெரிக்காவிலே தோன்றின. அவை தொழிற்சாலைகளையும் வாணிப நிலையங்களையும் நோக்கியே எழுந்தவை. காலப்போக்கில் வைத்தியசாலைகளும் பல்கலைக்கழகங்களும் தர்ம ஸ்தாபனங்களும் அத்தகையோரின் உதவியை நாடலாயின. நிருவாகவியல் அறிஞர் பீற்றர் டிரக்கர் இலாபநோக்கற்ற ஸ்தாபனங்களை நிருவகித்தல் பற்றித் தனிநூல் ஒன்றையே 1990 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

ஆலோசகரின் பணி எத்தகையது என்பதை எட்கர் ஷைன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் தெளிவாக ஆராய்ந்தார். 1969 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல் இத்துறையிற் புகழ்பெற்றது. அவர் காட்டும் வேறுபாட்டை நம் வீட்டு உவமைகளாற் கூறுவேன். முதல்வகை ஆலோசகர், கடைக்காரரைப் போன்றவர். நமக்கு வேண்டியது இன்னதென்று நமக்கே தெரியும். அவர் அதனைத் தருகின்றார். கணக்காய்வு செய்பவரும் கட்டடத்துக்கு வரைபடம் வரைபவரும் இவ்வகையினர். இரண்டாம் வகையினர் வைத்தியரைப் போன்றவர். நோவு உண்டு என்பது மட்டுமே நமக்குத் தெரியும். நோய் இன்னதென்று கண்டு மருந்து சொல்வது அவர் பொறுப்பு. மூன்றாம் வகையினரை நல்லாசிரியருக்கு ஒப்பிடலாம். கணக்கைத் தாம் செய்து காட்டிவிட்டுப் போகாமல், மாணவனைக் கொண்டே செய்விப்பவர் அவர். அவர் சென்றபின்னும் கணக்குச் செய்யும் திறம் மாணவனிடத்தில் நிற்கும்.

இம்மூவருள் எவர் சிறந்தவர் என்ற வினாவுக்கு இடமில்லை. கூரை ஒழுகும்போது தச்சரை அழைக்கவேண்டுமேயன்றித் தத்துவ ஆசிரியரை அழைத்தலாகாது. ஆனால் எமக்கு வேண்டியவர் எவ்வகையினர் என்பதைத் தெளியாமல் அழைப்பதே தவறுகளுக்கெல்லாம் தாயாகும். எங்கள் சங்கத்துக்கு வேண்டியிருந்தவர் மூன்றாம் வகையினர். நாங்கள் அமர்த்தியதோ முதல்வகையினரை. அறிக்கை என்னும் பண்டத்தை நாங்கள் வாங்கினோம்; அவர் விற்றார்.

மதுரையில் நிகழ்ந்தது

நிற்க. நன்முறையில் ஆலோசனை பெற்றும், பின்னர் தானே பிறருக்கு ஆலோசனை வழங்கியும் உயர்ந்த தமிழ்நாட்டு ஸ்தாபனம் ஒன்றின் வரலாற்றைக் காண்போம்.

வைத்தியர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918 ஆம் ஆண்டில் பிறந்தவர். இளமையிலே கடும் மூட்டுவாதத்தால் அவர்தம் விரல்கள் கோணிப்போயின. அவ்விரல்களைக் கொண்டே கண்சத்திர சிகிச்சை பழகி, அரசாங்க சேவையிலே புகழீட்டினார். ஓய்வு பெற்ற பின்னர், 1976 ஆம் ஆண்டில், மதுரையில் வீடொன்றிலே 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். பணம் செலுத்த வல்லாரிடம் கட்டணம் பெற்று, வல்லாருக்கும் அல்லாருக்கும் ஒரே தரமான சிகிச்சை அளிப்பதே அவர் வகுத்த நெறி. இன்று அது உலகின் மிகப் பெரிய கண் வைத்தியசாலைத் தொகுதிகளுள் ஒன்றாக விளங்குகின்றது.

கண்புரையை அகற்றியபின் கண்ணுக்குள்ளேயே சிறு வில்லை ஒன்றைப் பொருத்தும் முறை 1980 களிலே பரவலாயிற்று. ஆனால் பிறநாடுகளிலிருந்து வரவேண்டிய அவ்வில்லையின் விலை ஏறத்தாழ நூறு டாலர் அளவில் இருந்தது. ஏழை நோயாளருக்கு அதனை எவ்வாறு வழங்குவது? ஸேவா என்னும் அமெரிக்கத் தர்ம ஸ்தாபனத்தைச் சேர்ந்த டேவிட் கிறீன் என்பார் இவ்விடயத்தில் மதுரையாருக்குத் துணைநின்றார். அவர் கண் வைத்தியரல்லர். வில்லை செய்யும் தொழில்நுட்பத்தை எங்கே பெறலாம், அதற்கு வேண்டும் பணத்தை எங்ஙனம் திரட்டலாம், விலையை எவ்வாறு வகுக்கலாம் என்பனவற்றில் அவரது உழைப்பு பயன்பட்டது. அதன் பயனாக 1992 ஆம் ஆண்டில் ஓரோலாப் என்னும் தொழிலகம் மதுரையிலே எழுந்தது. முன்னை விலையிற் பத்திலொரு பங்கு அளவுக்கு வில்லைகள் கிடைக்கலாயின. பிற்காலத்தில் விலை அதனினும் குறைந்தது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அவை இன்று செல்கின்றன.

இங்கே நாம் உற்றுநோக்கவேண்டுவது ஒன்றுண்டு. வந்த வெளியார் வில்லைகளை நன்கொடையாகக் கொண்டுவந்து குவித்திருப்பின், நன்கொடை நின்ற அன்றே பணியும் நின்றிருக்கும். மதுரையில் எஞ்சியதோ வில்லையன்று. வில்லை செய்யும் ஆற்றல். உள்ளூர்த் தொழில்நுட்பரும் பயிற்றப்பட்ட பெண்களுமே அத்தொழிலகத்தை நடத்துகின்றனர். ஆலோசகர் விடைபெற்றுச் சென்றபின் யாது எஞ்சுகின்றது என்பதே அவரது பணிக்கு உரைகல்.

அதே 1992 ஆம் ஆண்டிலே, லயன்ஸ் கழகங்களும் ஸேவாவும் உதவ, பிற கண் வைத்தியசாலைகளுக்கு வழிகாட்டும் நிறுவனம் ஒன்றையும் அரவிந்த் நிறுவிற்று. அவர்களது முறை கருதத்தக்கது. உதவி நாடும் வைத்தியசாலை முதலில் தன் கணக்குகளையும் சிகிச்சை விபரங்களையும் தானே திரட்டி அனுப்பவேண்டும். பின்னர் மதுரையிலிருந்து சிலர் நேரிற் சென்று பார்ப்பர். அதன்பின் அவ்வைத்தியசாலையின் வைத்தியர், நிருவாகி, தாதி முதலியோர் ஒரு குழுவாக மதுரைக்கு வரவேண்டும். அங்கே வேலை நடக்கும் முறையைக் கண்ணாற் கண்டு, ஏறத்தாழ ஒரு வாரம் கலந்தாராய்ந்து, தமது திட்டத்தைத் தாமே எழுதவேண்டும். ஊர் திரும்பியபின்னும் கடிதத் தொடர்பும் மறுவருகையும் உண்டு. முந்நூற்றுக்கு மேற்பட்ட வைத்தியசாலைகள் இம்முறையாற் பயன்பெற்றுள்ளன.

தலைவர் மட்டும் வந்து கேட்டுச் செல்லாமல், தாதியும் நிருவாகியும் உடன்வரவேண்டும் என்ற நிபந்தனையின் நுட்பத்தைக் கவனியுங்கள். முடிவு செய்பவரும் முடிவைச் செயலாக்குபவரும் ஒரே மேசையில் இருந்து எழுதிய திட்டம் அலுமாரியில் உறங்காது.

சர்வோதயம் தரும் படிப்பினை

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொழும்பு நாலந்தாக் கல்லூரியிலே ஆசிரியராக இருந்த ஏ. டி. ஆரியரத்ன, 1958 ஆம் ஆண்டில் தம் மாணாக்கரை அழைத்துக்கொண்டு பின்தங்கிய கிராமம் ஒன்றுக்குச் சென்றார். கிராமத்தவரோடு கூடி உண்டு, கூடி உழைத்த அச்சிரமதானத்திலிருந்தே சர்வோதய இயக்கம் பிறந்தது. 1969 ஆம் ஆண்டில் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 1972 ஆம் ஆண்டில் இயக்கம் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான கிராமங்களுக்கு அதன் பணி பரவிற்று.

இயக்கம் பெருக, வெளிநாட்டு உதவியும் பெருகிற்று. 1980 களின் நடுப்பகுதியில், நெதர்லாந்தின் நோவிப் முதலாய உதவி ஸ்தாபனங்கள் ஒரு கூட்டமைப்பாக இணைந்தன. தாம் வழங்கும் பணத்தின் பயனை அறிய விரும்பி, ஆலோசகர்களைக் குழுக்களாக அடிக்கடி அனுப்பின. எத்தனை பேர் பயன்பெற்றனர், எத்தனை கடன் திரும்பிற்று, செலவுக்கேற்ற விளைவு கிட்டிற்றா என்பன அவர்கள் கேட்ட கேள்விகள். இயக்கமோ மனிதனின் விழிப்பையும் கிராமத்தின் ஒற்றுமையையும் தன் முதற்பயனாகக் கருதிற்று. விழிப்பை எந்தக் கோலால் அளப்பது? இருசாராரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள இயலாத நிலை முற்றிற்று. 1990 களிலே வெளியுதவி பெரிதுங் குறைய, ஊழியர் பலர் பணியிழந்தனர். ஆயினும் இயக்கம் அழியவில்லை; 2024 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் ஆரியரத்ன மறைந்த பின்னரும் அது தொடர்ந்து இயங்குகின்றது.

இதில் ஒருசாராரையே பழித்தல் முறையன்று. பணம் கொடுத்தவர் கணக்குக் கேட்பது நியாயமே. பரந்து விரிந்த இயக்கத்துக்குச் சீரான நிருவாகம் தேவை என்பதும் பொய்யன்று. எனினும் ஓர் உண்மை இங்கே துலங்குகின்றது. மதுரைக்கு உதவியவர் மதுரையார் விரும்பிய பணியிலே துணைநின்றவர். இங்கு வந்த குழுக்களை அனுப்பியவர் பணம் கொடுத்தவர். பரிசோதகரையும் ஆலோசகரையும் ஒருவராக்கினால், அவரிடம் மனந்திறந்து குறை சொல்ல யார்தான் துணிவர்? நோயை மறைத்தால் மருந்து எங்ஙனம் கிடைக்கும்? ஆகவே, ஆலோசகர் ஒருவர் வாயிலில் வந்து நிற்கும்போது நாம் முதலிற் கேட்கவேண்டிய வினா, 'தாங்கள் யாருக்கு விடையளிக்கக் கடமைப்பட்டவர்?' என்பதாகும்.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி கடற்கோள் நம் கரைகளைத் தாக்கியபின், இவ்வினாவின் அருமை மேலும் விளங்கிற்று. உலகெங்குமிருந்து பணமும் பொருளும் வந்தன. உடன் நிபுணர்களும் வந்தனர். அவர்களுள் அரும்பணி ஆற்றியோர் பலர். ஆனால் மீனவரைக் கேளாமல் வழங்கப்பட்ட வள்ளங்களுள் கடலுக்கு ஒவ்வாதனவும் இருந்தன. சர்வதேச மதிப்பீட்டுக் குழுவினர் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, உள்ளூர் மக்களின் ஆற்றலை வெளியார் பலவிடங்களிற் புறக்கணித்தனர் என்று ஒளிவின்றிக் கூறிற்று.

அமர்த்துமுன் செய்யவேண்டுவன

வள்ளுவர் தெரிந்து தெளிதல் என ஓரதிகாரமும் தெரிந்து வினையாடல் என ஓரதிகாரமும் அடுத்தடுத்து வைத்தார். ஒருவரை ஆராய்ந்து தேர்தல் வேறு, தேர்ந்தவரிடம் பணியை ஒப்படைத்து நடத்துதல் வேறு என்பது அவ்வைப்புமுறையாலேயே விளங்கும். இவ்விரண்டையும் தனித்தனியே நோக்குவோம்.

முதலாவது, ஆலோசகர் உண்மையில் வேண்டுமா என்று சிந்திக்கவேண்டும். நாள்தோறும் நடக்கவேண்டிய வேலைக்கு ஊழியரே தேவை, ஆலோசகர் அல்லர். விடை முன்பே தெரிந்திருக்க, அதனைச் சொல்லும் துணிவு இன்றி, வெளியார் வாயால் சொல்விக்க எண்ணுவதும் தகாது. தலைவருக்கும் தனாதிகாரிக்கும் இடையே உள்ள பிணக்கை அறிக்கை எதுவும் தீர்க்காது. சொல்லப்பட்டதைச் செயலாக்க ஆளில்லை எனின் அறிக்கையே வேண்டாம்.

இரண்டாவது, கேள்வியை ஒரு தாளிலே எழுதவேண்டும். எமது குறை யாது. எதனை அறிய விழைகின்றோம். அறிந்தபின் என்ன செய்யக் கருதியுள்ளோம். எவ்வளவு காலம், எவ்வளவு பணம் உண்டு என்பன அதில் இருத்தல் வேண்டும். ஒரு பக்கத்தில் எழுத இயலவில்லையாயின், எமக்கே விடயம் தெளியவில்லை என்பது பொருள். அத்தாளை எழுதும் முயற்சியிலேயே சில கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடுவதும் உண்டு.

மூன்றாவது, ஒருவரை மட்டும் பார்த்து முடிவு செய்தலாகாது. இருவரையோ மூவரையோ அழைத்து உரையாடுக. அவர்கள் முன்னர் பணிபுரிந்த ஸ்தாபனங்களை விசாரிக்குக. விசாரிக்கும்போது, 'அறிக்கை நன்றாக இருந்ததா?' என்று கேட்பதிலும், 'அவர் சென்ற ஓராண்டின் பின் உங்களிடம் மாறியது யாது?' என்று கேட்பதே பயனுடையது. எமது மக்களின் மொழி அவருக்குத் தெரியுமா என்பதையும் நோக்கவேண்டும். மலையகத் தோட்டத்து லயங்களிலே தமிழறியாத ஒருவர் மொழிபெயர்ப்பாளரின் துணையோடு கேட்டறிவது, கையுறை அணிந்து நாடி பார்ப்பதை ஒக்கும்.

நான்காவது, உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும். செய்யவேண்டிய பணி, முடிக்கவேண்டிய திகதி, அறிக்கையின் மொழி, கட்டணமும் அதனை வழங்கும் தவணைகளும், பிரயாணச் செலவு யாருடையது என்பது, திரட்டிய விபரங்கள் யாருக்கு உரியன என்பது, பிள்ளைகளின் பெயர் முதலிய அந்தரங்கங்களைக் காக்கும் பொறுப்பு, இடைநடுவில் பிரிய நேரின் செய்யவேண்டுவது ஆகிய யாவும் அதில் அடங்கவேண்டும். முழுக் கட்டணத்தையும் முன்னரே கொடுத்தல் கூடாது. வேலை முடிந்தபின் இழுத்தடித்தலும் கூடாது. நண்பர் ஒருவர் இலவசமாகச் செய்வதாயினும் உடன்படிக்கை வேண்டும். கட்டணம் இல்லாத இடத்திலேதான் காலதாமதமும் மனக்கசப்பும் எளிதிற் புகும்.

நிதி திரட்டித் தரும் ஆலோசகர் விடயத்தில் தனி எச்சரிக்கை தேவை. 'திரட்டிய தொகையில் இத்தனை வீதம் எனக்கு' என்று கேட்போர் உளர். அமெரிக்காவிலே நிதி திரட்டுவோர் தமக்கென அமைத்துக்கொண்ட சங்கத்தின் ஒழுக்க விதிகளே அம்முறையைத் தடைசெய்கின்றன. காரணம் வெளிப்படை. அனாதைப் பிள்ளைக்கு என்று தந்த நூறு ரூபாவில் ஒரு பங்கு தரகாகப் போகின்றது என அறிந்தால், தந்தவரின் மனம் என்ன பாடுபடும்? செய்த வேலைக்கு நியாயமான கூலி கொடுப்பதே முறை. அவ்வாறே, ஓர் இயந்திரத்தை வாங்குக என்று சொல்பவர் தாமே அதனை விற்பவராக இருத்தலும் ஆகாது.

கூடிப் பணிபுரிதல்

அமர்த்தியபின் நம் கடமை தீர்ந்தது என்று இருந்துவிடலாகாது. சங்கத்தின் சார்பிலே ஒருவர் அவருக்குத் துணையாக நியமிக்கப்படவேண்டும். பத்துப்பேர் பத்துவிதமாகக் கட்டளையிட்டால் எவராலும் பணிசெய்ய முடியாது. கணக்குப் புத்தகங்களையும் கூட்டக் குறிப்புக்களையும் ஒளிக்காமல் காட்டவேண்டும். இறுதி அறிக்கைக்குக் காத்திராமல், இடையிடையே வாய்மொழியாகக் கேட்டறியவேண்டும். அவர் கூறுவது கசப்பாயினும் பொறுமையோடு கேட்கவேண்டும். இதமாகப் பேசுவதற்கே ஒருவரை அமர்த்துவதாயின், அதற்கு ஆலோசகர் எதற்கு? நம் சுற்றத்தாரே போதும்.

அதேவேளை, ஆலோசகர் சொன்னார் என்பதற்காக எதனையும் கண்மூடி ஏற்றலும் தவறு. ஆலோசனை அவருடையது, முடிவு நம்முடையது. முடிவின் விளைவை அனுபவிக்கப் போகின்றவர் அவரல்லர். நம்மை நம்பியிருக்கும் மக்களே.

எங்கள் இரண்டாம் முயற்சி

அத்தாய் கேட்ட கேள்வி எங்களை உறங்கவிடவில்லை. அடுத்த ஆண்டு மறுபடியும் ஒருவரை அழைக்கலாமா என்றபோது, செயற்குழுவிலே எதிர்ப்பு எழுந்தது. 'சுட்ட பிள்ளை நெருப்பை அஞ்சும்' என்றார் தனாதிகாரி. ஆயினும் இம்முறை நாங்கள் முதலிலே கேள்வியை எழுதினோம். 'எங்கள் பிள்ளைகள் எந்த வகுப்பில், எந்த மாதத்தில், எக்காரணத்தால் பாடசாலையை விட்டு நிற்கின்றனர்?' இவ்வளவே.

பேராதனையிலே பயின்ற இளம் பெண்மணி ஒருவர் இசைந்தார். கட்டணம் சிறிது. அவர் எங்களுக்கு விதித்த நிபந்தனை பெரிது. 'நான் எண்ணித் தரமாட்டேன், சேர். நீங்களே எண்ணவேண்டும், எப்படி எண்ணுவது என்று நான் காட்டித் தருகின்றேன்' என்றார். பாடசாலை அதிபர்களின் அனுமதியோடு வரவு இடாப்புக்களை எடுத்து, விடுமுறை நாட்களிலே நாங்கள் எண்ணினோம். நின்ற பிள்ளைகளின் வீடுகளுக்கு இருவர் இருவராகச் சென்றோம். கூட்டத்திலே கேள்வி கேட்ட அத்தாயும் எங்களுடன் வந்தார். எங்களிடம் சொல்லாதவற்றை மற்றத் தாய்மார் அவரிடம் சொன்னார்கள்.

அப்போதுதான் உண்மை புலப்பட்டது. பிள்ளைகள் ஒருநாளிலே நின்றுவிடவில்லை. வாரத்துக்கு ஒருநாள், பின்னர் இருநாள், பின்னர் மூன்று நாள் என வராதிருந்து, ஈற்றில் வெட்கத்தால் நின்றுவிட்டனர். மாதக் கடைசியில், சம்பளத்துக்கு முந்திய நாட்களிலேதான் வராமை மிகுந்திருந்தது. கையில் பஸ் கட்டணம் இல்லாமையே காரணம். நாங்களோ உதவிப் பணத்தை ஆண்டிறுதியிலே, பரிசளிப்பு விழாவிலே, மாலை மரியாதையோடு வழங்கி வந்தோம்! பணம் போதாமையினும், அது போய்ச் சேர்ந்த காலமே பிழையாயிருந்தது.

விழாவை நிறுத்தினோம். அதே பணத்தை மாதந்தோறும் பஸ் பருவச்சீட்டாக மாற்றினோம். ஒரு பிள்ளை மாதத்திலே மூன்று நாள் வராதிருந்தால், சங்கத்தவர் ஒருவர் வீட்டுக்குச் சென்று விசாரிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினோம். இதற்கு வாகனமும் வேண்டியிருக்கவில்லை, முகாமையாளரும் வேண்டியிருக்கவில்லை. இடைநிற்றல் முற்றாக ஒழிந்தது என்று பெருமை பேசமாட்டேன். தந்தையின் நோயாலும் வேறு துன்பங்களாலும் இன்னும் சிலர் நிற்கின்றனர். ஆனால் பஸ் காசில்லாமையால் மட்டும் நின்ற பிள்ளை எங்கள் பட்டியலில் அதன்பின் இல்லை.

அப்பெண்மணி எங்களிடம் விட்டுச் சென்றது நாலு பக்கத் தமிழ்க் குறிப்பும், கோடிட்ட பதிவுப் புத்தகம் ஒன்றுமே. மறு ஆண்டு அவர் வேறு நாட்டுக்குச் சென்றுவிட்டார். அப்புத்தகத்திலே கோடிட்டு எண்ணுவதை எங்கள் இளைஞர் ஒருவரும் மறக்கவில்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுள் பலர் நாளை பட்டம் பெற்று ஆலோசகராகவே பணியாற்றக்கூடும். அன்று ஏதேனும் ஓர் ஊரின் சிறு சங்கம் உங்களை அழைத்தால், செயற்குழுவினரோடு பேசி முடித்தவுடன் திரும்பிவிடாதீர்கள். பின்வரிசையில் அமர்ந்திருப்பவரையும் தேடிச் சென்று பேசுங்கள்.

எங்கள் சங்கத்தின் காரியதரிசிப் பொறுப்பை இப்பொழுது வேறொருவர் ஏற்றிருக்கின்றார். தடித்த அட்டையிட்ட அறிக்கை அலுமாரியின் மேற்றட்டிலேயே இருக்கின்றது. அதனை எறிந்துவிடவேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். பதிவுப் புத்தகம் மேசைமீது இருக்கின்றது. அதன் மட்டை தேய்ந்து, இரண்டாம் முறையாக உறையிடப்பட்டுள்ளது.